பெனின் நகரத்து எடோ மக்கள்: ஊர், அரசன், தலைக்குச் செய்யும் பூசை

ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பெனின் சிலைகளை நைஜீரியாவிடம் திருப்பிக் கொடுப்பதாகச் செய்தி படித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: அந்தச் செய்திகளில் வரும் எடோ மக்கள் யார், அவர்கள் ஊர் எது, அவர்களுடைய வழக்கங்களும் பழைய சாமி நம்பிக்கைகளும் எப்படிப்பட்டவை?

நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புகழ்பெற்ற பித்தளைத் தலைகள் கூடத்தை அழகுபடுத்தச் செய்தவை அல்ல. மறைந்த அரசர்களுக்குப் படையல் வைக்கும் மேடையில் இருந்தவை. எடோ மக்களை அந்த மேடையின் வழியாகப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கலை வரலாற்றின் வழியாகப் போனால் பாதி வழியில் நின்றுவிடுவோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டோக்கியோவின் பழைய பெயரும் எடோதான், ஆனால் அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதைவிடப் பெரிய குழப்பம் பெனின். இன்று வரைபடத்தில் பெனின் என்று இருக்கும் நாட்டுக்கு 1975 வரை தஹோமி என்று பெயர். கடற்கரைக்கு இருந்த பெனின் விரிகுடா என்ற பெயரிலிருந்து அந்த நாடு தன் புதுப் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய பெனின் அரசு இருந்த இடம் அதற்குக் கிழக்கே, தெற்கு நைஜீரியாவில். அதன் தலைநகரான பெனின் நகரம் லாகோஸிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். 1991 ஆகஸ்டில் பெண்டெல் மாநிலத்தை இரண்டாகப் பிரித்தபோது உருவான எடோ மாநிலத்துக்கும் இதுவே தலைநகரம். ஊருக்கு வெளியார் வைத்த பெயர் பெனின். ஊர்க்காரர்கள் தங்களையும் தங்கள் ஊரையும் மொழியையும் எடோ என்றே சொல்கிறார்கள். பினி என்றாலும் அவர்கள்தான். ஏசான், எட்சாக்கோ, ஓவான் போன்றவர்கள் அதே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அண்டை மக்கள். டெல்டா மாநிலத்து உரோபோ, இசோக்கோ மக்களின் மொழிகளும் இதே குடும்பம்தான்.

நிலம் மழைக்காட்டு நிலம். செம்மண். எண்ணெய்ப்பனை, ரப்பர், வள்ளிக்கிழங்கு, வாழை. எண்ணெய்ப்பனைக்கும் ரப்பருக்கும் நைஜீரிய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் பெனின் நகரத்தை ஒட்டியே இருக்கின்றன. நகரத்துக்கு நடுவில் ஒரு பெரிய வட்டச் சாலை, அதன் மையத்தில் தேசிய அருங்காட்சியகம், பக்கத்திலேயே ஓபாவின் அரண்மனை, ஓபா சந்தை. ஓபா என்றால் எடோ அரசர். அதிகாரம் அரசியல் சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஊரில் அவர் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு. இன்றைய ஓபா இரண்டாம் எவுவாரே 2016 அக்டோபர் 20 அன்று முடிசூடினார். அதற்கு முன் அவர் நைஜீரியாவின் தூதராக வெளிநாடுகளில் இருந்தவர்.

அரச மரபின் கதை இரண்டு கட்டமாகச் சொல்லப்படுகிறது. முதலில் ஓகிசோக்கள் என்ற அரசர்கள். அவர்களில் கடைசி ஆளான ஓவோடோவை மக்களே விரட்டிவிட்டார்கள். பிறகு மேற்கே யோருபா மக்களின் புனித நகரமான இஃபேயிலிருந்து ஒரன்மியான் என்ற இளவரசன் வந்தான். இந்த ஊரை ஆள முடியாது என்று சலித்துப்போய்த் திரும்பிவிட்டான். ஆனால் இங்கே ஒரு பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த மகன் எவேகா, ஏறத்தாழ 1200 வாக்கில் முதல் ஓபா ஆனான். இன்றைய ஓபா வரை அதே வம்சம் என்பது எடோ மக்களின் கணக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. விரட்டப்பட்ட ஓகிசோவின் மகன் எக்கலதெர்ஹான்தான் இஃபேக்குப் போய் யோருபாக்களின் மூதாதை ஒடுடுவா ஆனான் என்று பெனின் அரண்மனை சொல்கிறது. யோருபாக்கள் இதைக் கேட்டால் கொதித்துப்போவார்கள். முந்தைய ஓபா எரெடியாவுவா 2004இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதியபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எழுத்துச் சான்று எதுவும் இல்லை. இரண்டு அரசகுலங்களும் ஒன்றுக்கொன்று உறவு என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வம்சத்தில் மறக்கக்கூடாத பெயர் 15ஆம் நூற்றாண்டின் எவுவாரே. பதவிச் சண்டையில் துரத்தப்பட்டு, திரும்பி வந்து, ஊரைக் கைப்பற்றி, பிறகு அதைப் புதிதாகவே கட்டியவர். அகலமான தெருக்கள், தொழிலுக்கு ஒரு தெரு, அரண்மனைப் பகுதிக்கும் ஊர்ப் பகுதிக்கும் நடுவே எல்லை, நகரத்தைச் சுற்றி அகழியும் மண்மதிலும் என்று எல்லாவற்றையும் மரபு அவர் பெயரில்தான் சேர்க்கிறது. ஓடித்திரிந்த நாட்களில் அவருக்கு அடைக்கலமும் சேதியும் கொடுத்தவள் எமோட்டான் என்ற சந்தைக்காரக் கிழவி. அவள் இறந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. அது விழுந்த பிறகு 1954இல் அங்கே அவளுக்குச் சிலை வைத்தார்கள். இன்றும் பட்டம் பெற்று ஊர்வலம் போகிறவர்கள் அந்தச் சிலை முன்னால் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

அகழிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நகரத்தின் உள் அகழியில் குழியின் அடியிலிருந்து மேட்டின் உச்சி வரை சுமார் 17 மீட்டர். நகரத்தைச் சுற்றி மட்டும் அல்ல, அக்கம்பக்கத்துக் கிராமங்களையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளைத்துப் போகும் மண்மேடுகளின் வலை அது. பல ஆண்டுகள் காட்டுக்குள் நடந்து அளந்த பேட்ரிக் டார்லிங் என்ற ஆய்வாளர், மொத்த நீளம் 16,000 கிலோமீட்டர் இருக்கும் என்று மதிப்பிட்டார். மண்வெட்டியும் கூடையும் மட்டும் வைத்துச் செய்த வேலை. இன்றோ பல இடங்களில் அந்த அகழியில் குப்பை கொட்டுகிறார்கள், மேட்டை வெட்டி வீட்டுக்கு மண் எடுக்கிறார்கள். சிலைகளுக்காக உலகம் முழுக்கக் குரல் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

இனி நம்பிக்கை.

உலகம் உண்டான கதையிலிருந்து தொடங்கலாம். படைத்தவன் ஒசனோபுவா. அவன் தன் பிள்ளைகளை உலகத்துக்கு அனுப்பும்போது ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஒருவன் செல்வத்தை எடுத்தான், ஒருவன் அறிவை எடுத்தான், ஒருவன் மந்திரத்தை எடுத்தான். கடைக்குட்டிக்கு என்ன எடுப்பது என்று தெரியவில்லை. இருவாச்சி மாதிரியான ஒரு பறவை, 'அந்த நத்தை ஓட்டை எடு' என்றது. கீழே வந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் தண்ணீர், நிற்க இடமில்லை. கடைக்குட்டி நத்தை ஓட்டைக் கவிழ்த்தான். அதிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது, நிலம் விரிந்துகொண்டே போனது. தரை இறுகிவிட்டதா என்று பார்க்கப் பச்சோந்தியை அனுப்பினார்கள். அது ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து நடந்தது, இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. செல்வமும் மந்திரமும் வைத்திருந்த அண்ணன்கள் எல்லாரும் கால் வைக்க இடம் கேட்டுத் தம்பியிடம் வந்தார்கள். அந்தத் தம்பிதான் பெனினின் முதல் அரசன்.

கதை குழந்தைக் கதை மாதிரி இருந்தாலும் அதில் ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது. மண் முழுதும் ஓபாவுக்குச் சொந்தம், மற்றவர்கள் அவர் கொடுத்ததில் இருப்பவர்கள். பெனின் நாட்டில் நில உரிமை காலம்காலமாக இந்த எண்ணத்தில்தான் நின்றது.

ஒசனோபுவா மிக உயரத்தில் இருப்பவன், தினசரிக் குறைகளை அவனிடம் கொண்டுபோவது குறைவு. வீட்டுக்கு நெருக்கமான தெய்வம் அவனுடைய மூத்த மகன் ஒலோகுன். கடலுக்கும் எல்லா நீருக்கும் அரசன். தண்ணீருக்கு அடியில் அவனுக்கு ஓர் அரண்மனை, மனைவிகள், பரிவாரம், எல்லாம் பெனின் அரண்மனை போலவே உண்டு. பிள்ளை வரமும் பணமும் அவன் கையில். அதனால் ஒலோகுன் வழிபாட்டில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள், பூசாரிணிகளும் ஏராளம். பெனினுக்குத் தென்கிழக்கே உர்ஹோனிக்பே என்ற ஊரில் அவனுக்குப் பெரிய கோயில் உண்டு. நிறம் வெள்ளை. நம்ம ஊர் நாமக்கட்டி போல ஒரு வெள்ளை மண்கட்டியைத் தேய்த்துப் பொடியாக்கி, பூசாரிணி கோயில் முன் தரையில் சிலுவை போல நான்கு திசைக்கும் நீளும் கோலங்களை இடுகிறாள். இவ்வுலகமும் மறுவுலகமும் சந்திக்கும் இடம் அந்தக் குறுக்குச் சந்தி. பூசை நடக்கும்போதே ஆடுகிறவர்களின் காலில் அது அழிந்துபோய்விடும்.

அந்த வெள்ளைக் கட்டிக்கு எடோ வாழ்க்கையில் தனி இடம். பிள்ளை பிறந்தால், நல்ல சேதி வந்தால், வழக்கில் வென்றால் அதை எடுத்துப் பூசிக்கொள்வார்கள். ஓபா இறந்தார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஊர்த் தலைவர்களில் முதல்வரான இயாசே, மக்கள் முன்னால் ஒரு வெள்ளைக் கட்டியைத் தரையில் போட்டு உடைத்து, 'கட்டி உடைந்தது' என்று அறிவிப்பார். 2016 ஏப்ரல் 29 அன்று எரெடியாவுவாவின் மறைவை அப்படித்தான் அறிவித்தார்கள். தொலைக்காட்சியும் இணையமும் இருக்கும் காலத்தில், அந்தக் கட்டி உடையும் வரை அரண்மனை வாய் திறக்கவில்லை.

ஒலோகுனுக்கு அடுத்து இரும்பின் தெய்வம் ஓகுன். கொல்லர், வார்ப்பவர், வேட்டைக்காரர், இன்று லாரி ஓட்டுநர் வரை எல்லாரும் அவனுக்குக் கடன்பட்டவர்கள். மூலிகைக்கும் இலைகளின் சக்திக்கும் ஒசுன். இவர்களில் சிலருடைய பெயர் யோருபாவிலும் இருக்கிறது, குணம் கொஞ்சம் மாறும். மேற்கே ஓவியா நதிக்கரைக் கிராமங்களில் ஓவியா என்ற தெய்வம். சக்களத்திகளின் சூழ்ச்சியால் ஒதுக்கப்பட்ட அரசனின் மனைவி அழுது அழுது ஆறாகிவிட்டாள் என்பது கதை. அவளுக்காக ஆண்கள் முகத்தை மறைத்து, தலையில் இறகுகள் செருகி ஆடுகிறார்கள்.

எனக்கு எடோ நம்பிக்கையில் மிகவும் பிடித்த பகுதி மனிதனைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் உலகம் ஒன்று, ஆவிகளின் உலகம் ஒன்று. ஒவ்வொரு ஆளுக்கும் ஆவி உலகத்தில் ஓர் இணை உண்டு, அதற்கு எஹி என்று பெயர். பிறப்பதற்கு முன் மனிதன் ஒசனோபுவா முன்னால் போய் நின்று, தான் என்னவாக வாழப்போகிறேன் என்று தானே சொல்லிவிட்டு வருகிறான். அப்போது எஹி சாட்சி. இங்கே வந்த பிறகு நமக்கு அது மறந்துவிடும், எஹிக்கு மறக்காது. கெட்ட காலம் தொடர்ந்தால் சொன்னதற்கு மாறாக நடக்கிறோம் என்று பொருள், எஹியைச் சமாதானப்படுத்த வேண்டும். ஒரு ஆள் இப்படிப் 14 முறை பிறந்து வருகிறான். ஆக விதி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதை எழுதியவன் நான்தான். நொந்துகொள்ள வேறு யாரும் இல்லை.

எஹி மறுபக்கம் இருக்கிறது என்றால், இந்தப் பக்கத்தில் வேலை செய்வது தலையும் கையும். தலைதான் ஒருவனை வழிநடத்துவது, யோசிப்பது, பார்ப்பது, கேட்பது. அதனால் தலைக்கே பூசை. வீட்டில் தேங்காயையும் கோலா கொட்டையையும் நெற்றியில் தொட்டு வைத்து, இந்த வருஷம் என்னைக் காப்பாற்றினாய் என்று தன் தலைக்கு நன்றி சொல்கிறார்கள். கை என்பது சொந்த முயற்சி. தன் முயற்சியால் மேலே வந்தவன் தன் வலது கைக்கு ஒரு சிறு பீடம் வைத்துக்கொள்வான். பெரும்பாலும் மரத்தில் உருளை வடிவில் இருக்கும். பித்தளையில் செய்ததும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் எஹெனுவா என்ற படைத்தலைவருக்காகச் செய்த கைப் பீடம் இதில் பெயர்பெற்றது.

தலைப் பூசையை நாடு முழுமைக்குமாக ஓபா செய்வதுதான் இகுவே திருவிழா. டிசம்பர் கடைசியில் நடக்கிறது. ஓபாவின் தலை நலமாக இருந்தால் நாட்டின் தலை நலமாக இருக்கும். பவளத்தால் ஆன சட்டையும் கிரீடமும் அணிந்து அவர் அமர்ந்திருக்க, தலைவர்கள் ஒவ்வொருவராக எபென் என்ற அகன்ற சடங்கு வாளை மேலே எறிந்து பிடித்து ஆடி வணங்குவார்கள். வாள் கை நழுவிக் கீழே விழுந்தால் அபசகுனம், அதனால் அந்த ஆட்டத்தைக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். விழா முடிவில் ஒரு விடியற்காலை, இளைஞர்கள் எரியும் கொள்ளிக்கட்டைகளோடு கெட்டதை ஊர் எல்லை வரை துரத்திவிட்டு, எவெரே என்ற இலைகளை ஒடித்துக்கொண்டு பாடியபடி திரும்புவார்கள். அந்த இலையில் சிறு துண்டைக் கிழித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டால் வருஷம் நல்ல வருஷம். எவெரே என்பது பழைய எவுவாரேயின் குணவதியான மனைவியின் பெயர் என்கிறார்கள். துரத்தப்படுவது அவளுடைய சண்டைக்கார அக்காள் உபி.

முன்னோர் வழிபாடுதான் குடும்பத்தைக் கட்டி வைத்திருப்பது. தகப்பன் இறந்தால் மூத்த மகன் சடங்குகள் முழுவதையும் முடித்து, வீட்டில் தகப்பனுக்கு மேடை வைப்பான். மேடையில் நிற்பது உக்குர்ஹே என்ற கோல். மூங்கில் கணுக்கள் போல வெட்டுப் போட்ட மரக்கோல், உச்சியில் ஒரு குடைவு, அதற்குள் ஆடும் ஒரு மரத்துண்டு. தரையில் ஊன்றிக் குலுக்கினால் அது சலசலக்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னோர் காது கொடுப்பார்கள். சடங்கை முடித்த மூத்த மகனுக்கு, தகப்பன் வாழ்ந்து மறைந்த வீடு சொந்தம். இகியோக்பே என்று பெயர் கொண்ட இந்த உரிமையை நைஜீரிய உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டை உயில் எழுதிக்கூட மூத்த மகனிடமிருந்து மாற்ற முடியாது என்பதே பெனின் வழக்கமாக ஏற்கப்பட்டிருக்கிறது. தங்கைகளும் தம்பிகளும் இதை எவ்வளவு சந்தோஷமாக ஏற்கிறார்கள் என்பது வேறு கதை, பெனின் நகரத்து வக்கீல்களைக் கேட்க வேண்டும்.

கிராமத்தில் எல்லாம் வயது வரிசைப்படி. இளவட்டம் வழியைச் சுத்தம் செய்யும், நடுவயது உழைக்கும், கிழவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். வயதில் மூத்த ஆண்தான் ஊர்த் தலைவர். வாரத்துக்கு நான்கு நாள், சந்தைகளும் அந்தக் கணக்கில்தான் சுழன்றன. காலை வணக்கம் சொல்வதில்கூட நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பரம்பரைக்கும் தனியாக ஒரு காலை வணக்கச் சொல். 'லாமோகுன்' என்று ஒருவர் சொன்னால் அரச குடும்பத்து ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். கல்யாணமாகி வரும் பெண் கணவன் வீட்டு வணக்கத்துக்கு மாறிவிடுவாள்.

இப்போது அந்தப் பித்தளைத் தலைகளுக்கு வருவோம். சாதாரண வீட்டு மேடையில் கோலும் மணியும் இருக்கும். ஓபாக்களின் மேடையில் கூடவே பித்தளையில் வார்த்த தலைகள், ஒவ்வொரு தலையின் உச்சியிலும் ஒரு துளை, அதில் செருகி நிற்கும் செதுக்கிய யானைத் தந்தம். புது ஓபா பதவிக்கு வந்ததும் தகப்பனுக்கு மேடை கட்டித் தலை வார்க்க வேண்டும். தலைதான் விதியைத் தாங்குவது என்று மேலே சொன்னேனே, அரசனின் தலையை வார்ப்பது ஏன் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பித்தளை துருப்பிடிக்காது, அதுபோல அரசும். தேய்த்துப் பளபளவென்று வைத்தால் வரும் அந்தச் செந்நிறம், பவளத்தின் செந்நிறம் போலவே, தீயதை மிரட்டும். பழைய தலைகள் மெல்லிய வார்ப்பு, கழுத்தில் குறைவான மணி. பிற்காலத்துத் தலைகள் கனமானவை, பவளக் கழுத்தணி வாய்வரை ஏறி நிற்கும். பித்தளை வரத்து பெருகப் பெருகத் தலையும் கனத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மேடையில் வைக்காத இன்னொரு வகை, அரண்மனைத் தூண்களில் பதித்த செவ்வகத் தகடுகள். அவற்றில் போர், ஊர்வலம், சிறுத்தை, மீன், தலைமுடி நீண்ட போர்த்துகீசியர் எல்லாம் உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டு வேலை.

வார்ப்பவர்கள் இகுன் தெருக்காரர்கள். பரம்பரைத் தொழில், ஆண்கள் மட்டும். முதலில் களிமண்ணில் உள்கட்டு, அதன் மேல் மெழுகைப் பூசி மூக்கு, கண், மணி எல்லாவற்றையும் மெழுகிலேயே செதுக்குவது, அதன் மேல் மீண்டும் களிமண். சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடைவெளியில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு சிலைக்கும் ஒரே அச்சு, ஒரே முறை. தொடங்கும் முன் ஓகுனுக்குப் பூசை. அந்தக் காலத்தில் அவர்கள் ஓபாவுக்கு மட்டுமே செய்தார்கள். இன்று அதே தெருவில் யார் வேண்டுமானாலும் விலை பேசி வாங்கலாம். தந்தமும் மரமும் செதுக்கியவர்கள் வேறு குழு.

உலோகம் பெரும்பாலும் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அவர்கள் 1486 வாக்கில் பெனினுக்கு வந்து, உகோட்டோன் துறையில் வியாபாரம் தொடங்கினார்கள். காப்பு போல வளைத்த பித்தளைத் துண்டுகள்தான் நாணயம். அந்தப் பித்தளையில் நிறைய ஜெர்மனியின் ரைன் பகுதித் தாதுவிலிருந்து வந்தது என்று 2023இல் வெளியான வேதியியல் ஆய்வு காட்டியது. பெனினில் போர்த்துகீசியர் வாங்கியவற்றில் ஒன்று அங்கே காட்டில் விளையும் ஒரு வகை மிளகு. ஆனால் இந்தியாவுக்குக் கடல்வழி திறந்து மலபார் மிளகு லிஸ்பனுக்கு வரத் தொடங்கியதும், அதன் விலை விழக்கூடாது என்று பெனின் மிளகை வாங்கவே போர்த்துகீசிய அரசு தடை போட்டது. மிளகு மட்டும் அல்ல, அடிமைகளும் கைமாறினார்கள். பெனின் நீண்ட காலம் தன் ஆண்களை விற்க மறுத்திருக்கிறது, பிறகு விற்றும் இருக்கிறது. இதை மழுப்பக்கூடாது. அமெரிக்காவில் அடிமைகளின் வழிவந்தவர்கள் சிலர், அந்தப் பித்தளையில் எங்கள் முன்னோர்களின் விலையும் இருக்கிறது, எங்களைக் கேட்காமல் சிலைகளைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று 2022இல் வழக்கே போட்டார்கள்.

அந்தப் போர்த்துகீசியக் காலத்து அரசன் எசிகியே. அவன் அண்ணனோடும், வடக்கே இடா நாட்டோடும் போர் செய்தபோது கூட நின்றவள் தாய் இடியா. அவளுக்காகவே அரசத் தாய் என்ற பட்டத்தை உருவாக்கி, உசெலு என்ற இடத்தில் தனி அரண்மனை கொடுத்தான். இடியாவின் தந்த முகம் ஒன்று லண்டனில், ஒன்று நியூயார்க்கில். நெற்றியில் இரும்பு பதித்த இரண்டு கோடுகள். நியூயார்க் முகத்தில் தலையைச் சுற்றி மாறிமாறிப் போர்த்துகீசியத் தலையும் சேற்று மீனும், லண்டன் முகத்தில் தலையைச் சுற்றிப் போர்த்துகீசியத் தலைகள் மட்டும். மீன் நீரிலும் நிலத்திலும் இருக்கும், ஒலோகுனின் ஆள். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரனும் ஒலோகுனின் நாட்டிலிருந்து வந்தவன்தானே! 1977இல் லாகோஸில் நடந்த பெரிய ஆப்பிரிக்கக் கலை விழாவுக்கு லண்டன் முகமே சின்னம். மூலத்தை இரவல் கேட்டார்கள், லண்டன் தரவில்லை. நகல் செய்து வைத்துக்கொண்டார்கள்.

1897இல் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனை எண்ணெய் வியாபாரத்தை ஓபா ஓவோன்ராம்வென் தன் கையில் வைத்திருந்தார், பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு அது உறுத்தியது. அந்தப் பகுதிக்கான பிரிட்டிஷ் அரசின் பொறுப்பு அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ், ஓபாவை நீக்க அனுமதி கேட்டு லண்டனுக்கு எழுதினார். செலவை ஓபா வீட்டுத் தந்தமே ஈடுகட்டும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. இகுவே காலம், வெளியாரைப் பார்க்க முடியாது என்று ஓபா சொல்லியனுப்பியும் ஜனவரியில் கிளம்பிப் போனார். தலைவர்கள் சிலர் வழியில் மறித்துத் தாக்கினார்கள். வெள்ளையர்களில் இருவரே தப்பினார்கள், சுமைகாரர்கள் பலரும் மாண்டார்கள். பிப்ரவரி 18 அன்று பிரிட்டிஷ் படை நகரத்தைப் பிடித்தது. சில நாளில் ஊர் எரிந்தது, மேடைகளில் இருந்த தலைகளும் தந்தங்களும் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போயின. நரபலி நடக்கும் ஊர் என்பது படையெடுப்புக்குச் சொன்ன நியாயம். நரபலி உண்மையில் இருந்தது. 1960களில் கிரஹாம் கான்னா என்ற தொல்லியலாளர் தோண்டிய ஒரு கிணற்றில் 13ஆம் நூற்றாண்டில் பலியான பெண்கள் குறைந்தது 41 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆனால் படை கிளம்பியது அதற்காக அல்ல. ஓவோன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு 1914இல் அங்கேயே இறந்தார். அதே ஆண்டில் அவர் மகன் இரண்டாம் எவேகாவை ஓபாவாக்க ஆங்கிலேயர் சம்மதித்தார்கள். அவர் தானே செதுக்கவும் வார்க்கவும் தெரிந்தவர். வெறுமையாகிப்போன மேடைகளுக்கு மறுபடி தலைகள் வந்தன.

இன்று எடோ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பென்சன் இடாஹோசா தொடங்கிய பெந்தெகொஸ்தே சபையின் தலைமையிடம் பெனின் நகரம்தான். ஒசனோபுவாவை ஞாயிறு வழிபாடு போலவே கும்பிடும் அருவோசா சபையும் இங்கே உண்டு, இரண்டாம் அகென்சுவா என்ற ஓபா அமைத்தது. பழைய நம்பிக்கை வேடிக்கைப் பொருளாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவுக்குப் பெண்களைக் கடத்தும் கும்பல்கள், தப்பி ஓடினால் சாவாய் என்று கோயிலில் சத்தியம் வாங்கி அனுப்பும். போலீஸைவிட அந்தச் சத்தியம்தான் அந்தப் பெண்களைக் கட்டிப்போட்டது. 2018 மார்ச்சில் ஓபா இரண்டாம் எவுவாரே பூசாரிகளைக் கூட்டி, அந்தச் சத்தியங்கள் எல்லாம் செல்லாது, இனி இப்படிச் சத்தியம் வாங்குகிறவர்கள் மேல் சாபம் என்று அறிவித்தார். ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் இந்தச் சேதியைக் கொண்டுசேர்க்கத் தொண்டு நிறுவனங்களே ஓடின. எந்தச் சட்டமும் தொட முடியாத பயத்தை அந்த ஒரு சடங்கு தொட்டது.

சிலைகள் திரும்புவதிலும் இதே கேள்விதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2022இல் ஜெர்மனி உரிமையை எழுதிக்கொடுத்து முதல் 22 பொருட்களை அனுப்பியது. 2025இல் நெதர்லாந்து 119 கொடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் 900க்கு மேல் இன்னும் இருக்கின்றன. திரும்பியவை யாருக்கு? 2023 மார்ச்சில் நைஜீரிய அதிபர் ஓபாவே உரிமையாளர் என்று ஆணையிட்டார். பொதுச் சொத்துத் தனியார் கைக்குப் போகிறதே என்று சில ஐரோப்பிய அருங்காட்சியகக்காரர்கள் தயங்கினார்கள். பெனினில் புதிதாகக் கட்டிய மேற்கு ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் 2025 நவம்பரில் திறப்பதாக இருந்தபோது, ஓபாவின் ஆதரவாளர்கள் உள்ளே நுழைந்து ரகளை செய்ததில் திறப்பே தள்ளிப்போனது. என்னைக் கேட்டால், தூண்களில் இருந்த தகடுகளை எந்தக் கூடத்தில் வைத்தாலும் குறைவில்லை. தலைகள் விஷயம் வேறு. தகப்பனுக்கு மேடை வைப்பது மூத்த மகனின் கடமை என்றிருக்கும் ஊரில், அந்த மேடையிலிருந்து எடுத்த தலையை அரசாங்கத்திடம் கொடுப்பதா மகனிடம் கொடுப்பதா என்று எடோ கிராமத்துக் கிழவர் ஒருவரைக் கேட்டால் கேள்வியே அவருக்குப் புரியாது.